சேலை எப்படி ஓடும்?

கேள்வி: மதுரை மீனாட்சியம்மன் கோயில் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறேன். சுங்குடிச் சேலையைப் பிரித்துப் பார்த்த வெளிநாட்டு அம்மா ஒருவர் 'வில் இட் ரன்?' என்று கேட்டார். எங்கள் கடையில் அதுதான் ஜாஸ்தி ஓடுகிறது. அதனால் 'யெஸ் மேடம், வெரி குட் ரன்' என்றேன். வைத்துவிட்டுப் போய்விட்டார். என்ன தப்பு?

பதில்: அவர் கேட்டது, 'சாயம் போகுமா?' நீங்களோ 'பிரமாதமாகப் போகும்' என்று அடித்துச் சொல்லியிருக்கிறீர்கள்! சாயம் தண்ணீரில் கரைந்து மற்ற துணியில் ஏறுவதையும் 'ரன்' என்பார்கள். முதல் சலவையில் கொஞ்சம் போகும் என்றால் மறைக்க வேண்டாம்: 'எ லிட்டில், இன் தி ஃபர்ஸ்ட் வாஷ். வாஷ் இட் செப்பரேட்லி இன் கோல்ட் வாட்டர்.' கைச்சாயத் துணி வாங்குகிறவர்களுக்கு இது புரியும்.

நீங்கள் குழம்பியதில் ஆச்சரியமில்லை. வைகை ஓடுவது, பஸ் ஓடுவது, மோட்டார் ஓடுவது, தியேட்டரில் படம் ஓடுவது எல்லாமே ஆங்கிலத்திலும் 'ரன்'தான். ஆனால் சரக்கு ஓடுவது மட்டும் 'ரன்' இல்லை. 'இட் செல்ஸ் வெல்' என்று சொல்ல வேண்டும்.

ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதி இந்த ஒரு வினைச்சொல்லுக்கே அறுநூற்றுக்கும் மேல் பொருள் தருகிறது. மனப்பாடம் செய்யக் கிளம்பிவிடாதீர்கள். ஓடுவது எது, 'ரன்'னுக்குப் பின்னால் என்ன வருகிறது, இந்த இரண்டைப் பார்த்தால் பெரும்பாலும் பிடிபடும். மூக்கு 'ரன்' ஆனால் ஒழுகுகிறது. 'ஷி ரன்ஸ் எ ஹோட்டல்' என்றால் அந்த அம்மா ஹோட்டல் நடத்துகிறார். 'ரன்னிங் எ ஃபீவர்' என்றால் காய்ச்சல் அடிக்கிறது. தேர்தலில் அமெரிக்கர்கள் 'ரன்' செய்வார்கள். பிரிட்டிஷ்காரர்கள் நம் வேட்பாளர்களைப் போல 'ஸ்டாண்ட்', அதாவது நிற்பார்கள்.

கடையில் உங்களுக்கு அதிகம் உதவப்போவது 'ரன் அவுட் ஆஃப்'. கிரிக்கெட் ரன் அவுட் வேறு. இது சரக்குத் தீர்ந்துபோவது. சிவப்பு தீர்ந்துவிட்டதா? 'வீ ஹேவ் ரன் அவுட் ஆஃப் ரெட்' என்று சொல்லுங்கள். 'ஹேவ்' வந்தால் 'ரேன்' வராது, 'ரன்'தான். பட்டம் வாங்கியவர்களே இதில் வழுக்குகிறார்கள். அப்புறம், 'வீ ஹேவ் இட் இன் க்ரீன்' என்று சொல்லிக்கொண்டே பச்சையை எடுத்து விரித்துவிடுங்கள்.