தானியத்தின் நிறம்: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

சேலத்தில் உணவு வேதியியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். கவுனி, மாப்பிள்ளைச் சம்பா, ராகி, சோளம், தினை என்று தானியத்தின் நிறம் பற்றி எதுவும் கேட்கலாம். நான் மருத்துவன் அல்ல. மாத்திரையைக் கூட்டலாமா குறைக்கலாமா என்று மட்டும் கேட்காதீர்கள்.

செவ்வாய்ப்பேட்டை மளிகை: சார், கருப்புக் கவுனியைக் கடிச்சுப் பார்த்துட்டு, "உள்ள வெள்ளையா இருக்கு, சாயம் போட்டிருக்கீங்க"ன்னு சண்டைக்கு வர்றாங்க. என்ன பதில் சொல்றது?

உள்ளே வெள்ளையாக இருந்தால்தான் சரி. கவுனியின் கருமை முழுவதும் தவிட்டு அடுக்கில் இருக்கிறது. ஆந்தோசயனின் என்ற நிறமிக் குடும்பம் அது, நாவல் பழத்தில் இருப்பதும் அதே குடும்பம்தான். சண்டைக்கு வருபவர் முன்னாலேயே ஒரு பிடி அரிசியைத் தண்ணீரில் ஊறவையுங்கள். தண்ணீர் ஊதாவானதும் இரண்டு கிண்ணத்தில் பிரித்து, ஒன்றில் எலுமிச்சை பிழியுங்கள், இன்னொன்றில் சமையல் சோடா போடுங்கள். புளிப்பு சேர்ந்தது சிவக்கும், சோடா சேர்ந்தது நீலமோ பச்சையோ ஆகும். கடைச் சாயம் பொதுவாக இப்படி மாறாது. வாங்குபவர்கள் கவலைப்பட வேண்டியது வேறொன்று: பாதி தீட்டி, சாம்பல் பூத்த மாதிரி விற்கிற கவுனி. அதற்குக் கொடுத்த காசில் பெரும்பங்கு மாட்டுத் தவிட்டுக்குப் போய்விட்டது.

ஓமலூர் ராஜா வீடு: கவுனி அரிசி சாப்பிட்டா சுகர் இறங்குமா சார்?

கவுனியும் அரிசிதான். சமைக்காத அரிசியில் முக்கால் பங்கு மாவுச்சத்து. தவிடு இருப்பதால் வெள்ளை அரிசியைவிடச் சற்று மெதுவாகச் சர்க்கரை ஏறலாம். நிறமிகள் மாவுச்சத்தை உடைக்கும் நொதிகளைத் தடுப்பது ஆய்வுக்கூடக் குழாயில் நன்றாகவே தெரிகிறது. ஆனால் மனிதர்களை வைத்து நடந்த கவுனி ஆய்வுகள் சிறியவை, குறுகிய காலத்தவை. வெள்ளைச் சோற்றுக்குப் பதிலாக, அதே அளவோ குறைவாகவோ சாப்பிடுங்கள். அதற்கு மேல் கூடுதலாகச் சாப்பிட்டால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

தலைவாசல் கிழங்குக்காரன்: ஐயா, கவுனியில "சயனிடின்" இருக்குன்னு பாக்கெட்ல போட்டிருக்கான். நம்ம மரவள்ளிக் கிழங்குல இருக்கிற சயனைடு விஷமா அது? பயமா இருக்குங்க.

ஜவ்வரிசி ஊர்க்காரருக்கு நியாயமான பயம்தான். ஆனால் இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. சயனைடு என்றால் கார்பனும் நைட்ரஜனும் சேர்ந்திருக்க வேண்டும். சயனிடினில் நைட்ரஜன் அணு ஒன்றுகூடக் கிடையாது. கவுனியின் முக்கிய நிறமி அதன் சர்க்கரை சேர்ந்த வடிவமான சயனிடின்-3-குளுக்கோசைடு. தைரியமாகச் சாப்பிடலாம். தானியப் பயிரில் சயனைடு பார்க்க வேண்டுமானால் உங்கள் சோளக்காட்டில் பாருங்கள். இளம் சோளப் பயிரை மாடு மேய்ந்தால் சாவது அதனால்தான். முற்றிய சோள மணியில் அந்தப் பயம் இல்லை.

வாழப்பாடி மானாவாரி: சோளம்னு சொன்னீங்க. எங்க பக்கம் செஞ்சோளத்தை யாரும் மதிக்கிறதில்லைங்க. அதுல ஏதாச்சும் இருக்கா?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். தானியங்களில் என் செல்லப்பிள்ளை சோளம். அதில் இருக்கும் 3-டிஆக்சி ஆந்தோசயனின் என்ற வகை மற்றத் தானியங்களில் பெரும்பாலும் கிடைக்காது. சாதாரண ஆந்தோசயனினில் ஓர் இடத்தில் இருக்கும் ஆக்சிஜன் இதில் இல்லை. இந்தச் சின்ன வித்தியாசத்தால் சூட்டையும் புளிப்பு மாற்றத்தையும் இது நன்றாகத் தாங்குகிறது. கவுனியின் நிறம் அடுப்பில் பாதி கரைந்துபோகும், இது நிற்கும். கருஞ்சோளத்தில் அதிகம், செஞ்சோளத்தில் ஓரளவு, வெள்ளைச் சோளத்தில் சொல்லும்படி இல்லை. சில பழுப்புச் சோள வகைகளில் டானின் என்ற துவர்ப்புப் பொருளும் சேர்ந்திருக்கும். துவர்ப்பு தாங்காமல் குருவி தொடாது, நாமும் அதே காரணத்துக்காக ஒதுக்கினோம். உங்கள் காட்டில் விளைவதை விட்டுவிட்டு, பாக்கெட்டில் வருவதைத் தேடி சேலத்துக்கு பஸ் ஏறாதீர்கள்.

குகை நெசவாளர்: அரிசிக்கு முதல்ல என்ன நிறம்? வெள்ளையா, சிவப்பா?

சிவப்பு. காட்டு நெல்லின் மணி சிவப்புத்தான். ஆர்சி என்ற மரபணு வேலை செய்தால் தவிட்டில் புரோஆந்தோசயனிடின் என்ற நிறமி சேரும், மாப்பிள்ளைச் சம்பாவின் சிவப்பும் அந்த வகையே. அந்த மரபணுவில் 14 டிஎன்ஏ எழுத்துகள் உதிர்ந்துபோன செடி ஒன்று எப்போதோ தோன்றியிருக்கிறது. அதன் மணி வெளுத்திருந்தது. மனிதன் அதைப் பொறுக்கி விதைத்தான். இன்று உலகம் சாப்பிடும் வெள்ளை அரிசியில் பெரும்பாலானவை அந்த உதிர்தலின் வாரிசுகள். கருப்பு வேறு கதை. காலா4 என்ற மரபணுவை இயக்கும் பகுதி இடம் மாறிக் கலைந்ததால் மணி கருத்தது. 2015-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதைக் கண்டுபிடித்தார்கள். ஆக, சிவப்பு ஆதியிலிருந்து வந்தது, வெள்ளையும் கருப்பும் பிறகு வந்த மாற்றங்கள். மணிப்பூரின் கருப்பரிசியான சக்-ஹாவோவுக்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது.

கொண்டலாம்பட்டி ரவுண்டானா: அண்ணா, மாப்பிள்ளைச் சம்பா சுகருக்கு நல்லதாங்கண்ணா?

ஓமலூர்க்காரருக்குச் சொன்னதே. மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

அஸ்தம்பட்டி அக்கா: கவுனியை வடிச்சுத்தான் சாப்பிடணும். கஞ்சியோட சுகர் போயிடும்.

ஆத்தூர் மாப்பிள்ளை: அக்கா, அந்த ஊதாத் தண்ணியைக் கொட்டிட்டா கவுனி வாங்கினதே தண்டம்க்கா. வெள்ளை அரிசியே வாங்கிக்கலாம்.

அஸ்தம்பட்டி அக்கா: தம்பி, எங்க மாமியார் காலத்துல இருந்து வடிச்சுத்தான் சாப்பிடறோம். நீங்க நேத்துதான் கவுனியைப் பார்த்தீங்க.

சூரமங்கலம் குக்கர்: ரெண்டு பேரும் சும்மா இருங்க. ஏழு விசில் விட்டா வடிக்கவும் வேணாம், கொட்டவும் வேணாம்.

மூவரும் நிறுத்துங்கள். வடித்தால் கொஞ்சம் மாவுச்சத்து போகும், அக்கா சொல்வது உண்மை. ஆனால் மாவுச்சத்தில் பெரும்பங்கு தட்டில்தான் மிஞ்சும். ஆந்தோசயனின் தண்ணீரில் கரைவது, அதனால் கஞ்சியோடு அதுவும் போகும், மாப்பிள்ளை சொல்வதும் உண்மை. குக்கர்க்காரர் ரொம்பச் சந்தோஷப்பட வேண்டாம். கருப்பரிசியைப் பலவிதமாகச் சமைத்துப் பார்த்த ஆய்வில், நிறமி அதிகம் அழிந்தது பிரஷர் குக்கரில்தான். அழிந்தது அத்தனையும் வீணும் இல்லை, ஒரு பகுதி புரோட்டோகேட்டெகூயிக் அமிலமாகிறது. நம் குடல் பாக்டீரியாக்களும் இந்த நிறமியை உடைத்து அதே அமிலத்தைத்தான் ஆக்குகின்றன. முழு நிறமியாக ரத்தத்தில் சேர்வது மிகக் கொஞ்சம், உடைந்த துண்டுகளே அதிகம் சேர்கின்றன.

என் வழி இது: ஒரே ஒரு தடவை சட்டென்று கழுவி, இரவு ஊறவைத்து, ஊறிய தண்ணீரிலேயே அளவாகத் தண்ணீர் விட்டு, சிறு தீயில் பொங்கல் பதத்தில் வேகவைப்பது. வடித்தே தீருவேன் என்றால் கஞ்சியில் உப்பும் மோரும் கலந்து குடித்துவிடுங்கள்.

அஸ்தம்பட்டி அக்கா: குடிச்சா வடிச்ச சுகர் மறுபடி உள்ள போயிடுமே?

ஆமாம் அக்கா. அதனால்தான் சோற்றின் அளவைக் குறைக்கச் சொல்கிறேன். கஞ்சி விவகாரம் இத்தோடு முடிந்தது.

ஏற்காடு மிளகுக்கொடி: காபிப் பழத் தோல் சிவப்பா இருக்கே, அதைக் காயவச்சு டீ போட்டா இந்தச் சத்தெல்லாம் கிடைக்குமா?

அது தானியம் அல்ல. காபிக்காரர்களைக் கேளுங்கள். மலையில் இருக்கும் உங்களுக்குச் சாமையும் ராகியும் தீட்டாமல் கிடைத்தால் அதை முதலில் வாங்குங்கள்.

தாரமங்கலம் ஆத்தா: பேத்திக்கு ரத்தம் கம்மின்னு டாக்டர் சொல்லிட்டாருங்க. ராகியில சத்து இருக்குன்னு மூணு வேளையும் களி, கூழுன்னு குடுக்கறேன். சரிதானுங்களா?

ராகி நல்ல தானியம், கால்சியத்துக்கு அரிசி அதன் கிட்டவே வர முடியாது. அதன் பழுப்பு நிறம் மேல் தோலில் இருக்கிறது. மணி பொடிசு, உள்ளே மெத்து, தீட்டினால் நொறுங்கிவிடும். அதனால் பெரும்பாலும் தோலோடு அரைபடுகிறது. கவுனிக்கு ஏங்குகிற பலர் ராகிக் களியில் நிறமிகளைக் காலங்காலமாகச் சாப்பிட்டு வருகிறார்கள் என்பது அவர்களுக்கே தெரியாது.

ஆனால் ஆத்தா, ரத்தம் குறைந்த பிள்ளைக்கு மூன்று வேளையும் வேண்டாம். அந்தத் தோலில் உள்ள டானினும் பைட்டேட்டும் இரும்புச்சத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும், உடம்பு உறிஞ்ச விடாது. ராகியை முளைகட்டிக் காயவைத்து அரைத்தால் இரண்டும் குறையும். கூட நெல்லிக்காயோ எலுமிச்சையோ கொடுங்கள். சாப்பிட்டதும் டீ கொடுக்காதீர்கள். டாக்டர் கொடுத்த இரும்பு டானிக்கை நிறுத்தாதீர்கள்.

ஜங்ஷன் ஜிம்: ஒரு பிராண்டுல ஆன்டிஆக்சிடன்ட் மதிப்பு எண் போட்டு, மத்ததைவிடப் பத்து மடங்குன்னு இருக்கு. வாங்கலாமா சார்?

அந்த எண் சோதனைக் குழாயில் எடுத்தது, உங்கள் உடம்பில் எடுத்தது அல்ல. அமெரிக்க வேளாண் துறையே இப்படியான ஓஆர்ஏசி மதிப்புகளின் பட்டியலை 2012-ல் இணையத்திலிருந்து எடுத்துவிட்டது. வியாபாரிகள் அதைத் தவறாகப் பயன்படுத்தியது ஒரு காரணம். எண்ணுக்குக் காசு கொடுக்காதீர்கள்.

மேட்டூர் டேம்: தினை மஞ்சளா இருக்கே, அதுவும் ஆந்தோசயனினா?

இல்லை, கரோட்டினாய்டு. மஞ்சள் மக்காச்சோளத்திலும் அதுதான். முக்கியமாக லூட்டினும் சியாசாந்தினும், நம் விழித்திரையின் நடுவில் சேர்கிற அதே இரண்டு. மக்காச்சோளத்தில் இது மணியின் உள்ளேயும் இருக்கிறது. தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். அதனால் வெறுமனே அவித்துத் தின்பதைவிடக் கொஞ்சம் நல்லெண்ணெயோ நெய்யோ சேர்ப்பது மேல்.

எடப்பாடி எக்ஸ்பிரஸ்: சார், தினை சுகருக்கு...

மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

லீ பஜார் மூட்டை: கவுனி மொத்தமா வாங்கினா எத்தனை நாள் தாங்கும்?

தவிட்டில் எண்ணெய் உண்டு, அதனால் தீட்டிய அரிசி போல வருடக்கணக்கில் வைக்க முடியாது, சிக்கு வாடை வந்துவிடும். நெல்லாக வைத்திருந்து தேவைக்கு உமி நீக்கிக்கொள்வது உத்தமம். அரிசியாக வாங்கினால் ஒரு மாதத்துக்கு ஆகிற அளவு போதும். காற்றுப் புகாத டப்பாவில், வெயில் படாத இடத்தில் வையுங்கள். மாவாக அரைத்துவிட்டால் இன்னும் சீக்கிரம் கெடும், அதை ஃபிரிட்ஜில் வையுங்கள்.