மெட்டல் டிடெக்டரில் புதையல் சிக்கினால், நாமே முழுசாகத் தோண்டி எடுத்தால் என்ன?

இங்கிலாந்தில் இதைப் பொழுதுபோக்காகச் செய்பவர்கள், நிறையக் காசுகள் தென்பட்டதும் தோண்டுவதை நிறுத்துவது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள்.

கருவிக்கு உலோகம் மட்டும்தான் தெரியும். காசு வைத்திருந்த பெட்டி, சுற்றியிருந்த துணி, மண்ணின் நிறமாற்றம் எதுவும் அதற்குத் தெரியாது. அவசரமாகத் தோண்டினால் முதலில் அழிவது அவைதான்.

1992 நவம்பரில் சஃபோக்கின் ஹாக்ஸன் கிராமத்தில் எரிக் லாஸ் என்பவர், நண்பர் வயலில் தொலைத்த சுத்தியலைத் தேடப் போனார். கிடைத்ததோ ரோமானியக் காசுகளும் வெள்ளிக் கரண்டிகளும்! கொஞ்சம் எடுத்தவர், அதோடு நிறுத்தித் தகவல் சொல்லிவிட்டார். மறுநாளே தொல்லியலாளர்கள் வந்தார்கள். ஏறத்தாழ 15,000 காசுகள், தங்க நகைகள், நான்கு வெள்ளி மிளகுச்சிமிழ்கள். (அந்தக் காலத்தில் ரோமுக்கு மிளகு போனது நம் மேற்குக் கடற்கரையிலிருந்துதான். எனக்கு மிகவும் பிடித்த பொருள் இது.) மரப்பெட்டி மக்கிப்போயிருந்தும், எது எங்கே இருந்தது என்று குறித்துக்கொண்டதால், உள்ளே எப்படி அடுக்கியிருந்தார்கள் என்பதையே கண்டுபிடித்தார்கள். லாஸ் செய்த பெரிய உதவி அந்த நிதானம்தான்.

பரிசுத்தொகை 17.5 லட்சம் பவுண்டு. அதை அவர் வயல்காரரோடு பகிர்ந்துகொண்டார்.

சரி, சட்டம்? நில உரிமையாளரின் அனுமதி கட்டாயம். 1996 புதையல் சட்டப்படி, புதையல் என்று தெரிந்த 14 நாளுக்குள் அறிவிக்க வேண்டும்.

அந்தச் சுத்தியலும் கிடைத்தது. இப்போது அதுவும் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது.