முதல் ஆட்டத்தின் வெற்றி போதுமா?

கேள்வி: இரு அணிகளின் ஊர்களிலும் ஒவ்வோர் ஆட்டமாக நடக்கும் ஆப்பிரிக்கச் சாம்பியன்ஸ் லீக் கால்பந்து இறுதிப்போட்டியின் முதல் ஆட்டத்தில் வெல்லும் அணிக்கே கோப்பை என்று கருதலாமா? ஒரே ஆட்டத்தில் முடித்தால் என்ன?

பதில்: அவ்வாறு கருத இயலாது. 2018இல் எகிப்தின் அல் அஹ்லி, சொந்த நாட்டில் 3-1 என வென்றும், ஒரு வாரம் கழித்துத் துனிசியாவின் ராடெஸ் அரங்கில் அந்நாட்டின் எஸ்பெரான்ஸ் அணியிடம் 0-3 எனத் தோற்று, இரு ஆட்டங்களின் மொத்தக் கோல் கணக்கில் 3-4 எனக் கோப்பையை இழந்தது. அன்று எஸ்பெரான்ஸ் வீரர் சாத் புகீர் அடித்த இரண்டு கோல்களை என்னால் மறக்க இயலாது.

2020 முதல் 2022 வரை இறுதிப்போட்டி ஒரே ஆட்டமாக நடைபெற்றது. ஆனால், 2022இல் மொராக்கோவின் காசாபிளாங்காவில் நடந்த அந்த ஆட்டத்தில், அதே நகரின் வைடாட் அணி தன் ரசிகர்கள் முன்னிலையில் அல் அஹ்லியை 2-0 என வென்றதால், நடுநிலை மைதானம் இல்லை என்ற மனக்குறை வலுவாக எழுந்தது. 2023இல் இரண்டு ஆட்ட முறை திரும்பியது; இரு நகரங்களுக்கும் சம வாய்ப்பளிக்கும் அம்முறையே நியாயமானது என்பது என் உறுதியான கருத்து.