சர்க்கரைவள்ளி மசியல் குழைவாக வர: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இம்முறை வந்த சமையல் கடிதங்களில் பெரும்பாலானவை சர்க்கரைவள்ளிக் கிழங்கைக் குழைவாக மசித்துத் தொடுகறியாகப் பரிமாறுவது பற்றியே இருந்ததால், இந்தப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம். ஒரே ஐயத்தை எழுப்பிய கடிதங்களைச் சேர்த்துச் சுருக்கித் தந்திருக்கிறோம்.

கேள்வி: கிழங்கைத் தோல் சீவித் துண்டுகளாக்கி, நீரில் வேகவைத்து வடித்து, பால் ஊற்றி மசிக்கிறேன். ஒவ்வொரு முறையும் கஞ்சிபோல் நீர்த்துப்போகிறது, சுவையும் இருப்பதில்லை. பாலுக்குப் பதிலாகக் கிரீமைக் கூடுதலாகச் சேர்த்தால் சரியாகிவிடுமா?

பதில்: கிரீம் சேர்த்தால் சுவை கூடுமே தவிர, நீர்ப்பு அகலாது. ஆரஞ்சு நிறச் சதையுள்ள கிழங்கின் எடையில் முக்கால் பங்குக்கும் சற்று மேலாகவே நீர் இருக்கிறது. பாலிலோ ஏறக்குறைய 87 விழுக்காடு நீர்தான். தோல் நீக்கிய சிறு துண்டுகளைக் கொதிநீரில் போடும்போது, வெட்டுப்பட்ட பரப்புகளின் வழியே கிழங்கின் சர்க்கரை நீரில் இறங்கிவிடுகிறது. அந்த இடத்தில் நீர் ஏறிக்கொள்கிறது. வடித்துக் கொட்டும் நீரை ஒரு கரண்டி எடுத்துச் சுவைத்துப் பாருங்கள். மசியலில் காணாமற்போன இனிப்பு எங்கே போயிற்று என்பது விளங்கிவிடும். எனவே குழைவான மசியலுக்கு முதல் வேலை, நீரைக் கிழங்குக்கு வெளியே நிறுத்துவதுதான். வெண்ணெயும் பாலும் அதற்குப் பிறகே.

ஓவன் உள்ளவர்கள் முழுக் கிழங்கைத் தோலுடன் சுடுவதே சிறந்த வழி என்பது என் கருத்து. தலா 200 முதல் 250 கிராம் எடையுள்ள நடுத்தரக் கிழங்குகளாக ஒரு கிலோ எடுத்து, மண் போகத் தேய்த்துக் கழுவித் துடைத்து, முள்கரண்டியால் நான்கைந்து இடங்களில் குத்தி, விளிம்புள்ள தட்டில் அடுக்கி, 200 டிகிரி செல்சியஸில் 50 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை சுடுங்கள். அலுமினியத் தாளில் பொதிய வேண்டாம். பொதிந்தால் நீராவி உள்ளேயே தங்கி, சுட்ட கிழங்குக்குப் பதிலாக அவித்த கிழங்குதான் கிடைக்கும். நேரத்தைவிடக் கிழங்கு காட்டும் அடையாளங்களையே நம்புங்கள். குத்திய துளைகளில் பழுப்பு நிறப் பாகு கசிந்து தட்டில் கருகி ஒட்டியிருக்கும்; தோல் சதையை விட்டு விலகிச் சுருங்கியிருக்கும்; மிகத் தடித்த இடத்தில் கத்தியைச் செருகினால் தடையே இல்லாமல் இறங்கும். தடை சிறிதளவே தெரிந்தாலும் இன்னும் 10 நிமிடம் விட்டுவிடுங்கள், ஏனெனில் அரைவேக்காட்டுக் கிழங்கை எவ்வளவு மசித்தாலும் திப்பி திப்பியாகவே இருக்கும்.

கை பொறுக்கும் சூட்டில் கிழங்கை நெடுக்காகப் பிளந்து, சதையைக் கரண்டியால் வழித்தெடுங்கள். ஒரு கிலோ கிழங்கிலிருந்து ஏறத்தாழ 700 கிராம் சதை கிடைக்கும். நான்கைந்து பேருக்குத் தொடுகறியாக இது போதும். சூடு ஆறுமுன் 50 கிராம் வெண்ணெயையும் முக்கால் தேக்கரண்டி உப்பையும் சேர்த்து மசித்துவிடுங்கள். வெண்ணெய் முழுவதும் உருகிக் கலந்த பிறகு, தனியே சூடாக்கிய பாலையோ கிரீமையோ இரண்டு இரண்டு மேசைக்கரண்டியாக ஊற்றிக் கிளறுங்கள். மொத்தம் 100 மில்லிலிட்டருக்கு மேல் தேவைப்படுவது அரிது. ஈரப்பதம் மிகுந்த கிழங்காக இருந்தால் அதில் பாதியே போதும். கரண்டியில் எடுத்துக் கவிழ்த்தால் மசியல் ஒரு கணம் தயங்கிப் பிறகு விழ வேண்டும். அந்தப் பதம் வந்ததும் பாலை நிறுத்திவிடுங்கள். குளிர்ந்த பாலை ஊற்றினால் மசியல் உடனே ஆறி வெண்ணெய் இறுகத் தொடங்கும் என்பதால்தான் சூடான பால் என்று வலியுறுத்துகிறேன்.

கேள்வி: ஓவன் இல்லை. பிரஷர் குக்கரிலோ மைக்ரோவேவிலோ செய்தால் அதே சுவை வருமா?

பதில்: அதே குழைவு வரும், அதே இனிப்பு வராது. கிழங்கில் இயற்கையாகவே அமைலேஸ் என்னும் நொதி இருக்கிறது. சூடேறும் கிழங்கில் மாவுச்சத்து நீரை ஏற்று உப்பத் தொடங்கியதும், இந்த நொதி அதைச் சிதைத்து மால்ட்டோஸ் என்னும் சர்க்கரையாக மாற்றுகிறது. ஏறக்குறைய 60 முதல் 75 டிகிரி வரையிலான வெப்பத்தில்தான் இந்த வேலை மும்முரமாக நடக்கிறது. அதற்கு மேல் போனால் நொதி செயலிழந்துவிடும். ஓவனில் முழுக் கிழங்கு இந்த எல்லையை மெல்லக் கடப்பதால் நொதிக்குப் போதிய அவகாசம் கிடைக்கிறது. மைக்ரோவேவில் சில நிமிடங்களிலேயே அந்த எல்லை தாண்டப்பட்டுவிடுவதால் இனிப்பு குறைவாகவும் சதை சற்று மாவுத் தன்மையுடனும் அமைகிறது.

குக்கரைப் பயன்படுத்துவதானால் கிழங்கை நீருக்குள் போடாதீர்கள். அடியில் நீர் ஊற்றி, மேலே துளைத்தட்டு வைத்து, அதன்மேல் தோல் உரிக்காத முழுக் கிழங்குகளை அடுக்கி, அழுத்தம் ஏறிய பின் ஏறக்குறைய 15 நிமிடம் வையுங்கள். திறந்த ஆவிப் பாத்திரமானால் இரண்டு சென்டிமீட்டர் கன வட்டத் துண்டுகள் 15 முதல் 20 நிமிடத்தில் வெந்துவிடும். எந்த முறையில் வேகவைத்தாலும், தோல் நீக்கிய சதையை அகன்ற வாணலியில் இட்டு, வெண்ணெய் சேர்க்குமுன் சிறு தீயில் மூன்று நான்கு நிமிடம் கிளறுங்கள். முதலில் ஆவி நன்றாக எழும். பிறகு அது தணிந்து, வாணலியின் அடியில் மெல்லிய படலமாகச் சதை ஒட்டத் தொடங்கும். அதுவே நீர் போதுமான அளவு வற்றியதற்கு அடையாளம். துண்டுகளாக்கி நீரில் வேகவைக்கும் பழக்கத்தைக் கைவிட இயலாதவர்களுக்கும் இந்த ஒரு வேலை பெரிதும் கைகொடுக்கும்.

கேள்வி: வெள்ளைச் சதைக் கிழங்கு வறண்டும், ஆரஞ்சுச் சதைக் கிழங்கு நீர்த்தும் வருகிறது. மசியலுக்கு எது ஏற்றது?

பதில்: குழைவே நோக்கமென்றால் ஆரஞ்சு. வெள்ளை, வெளிர்மஞ்சள் வகைகளில் பொதுவாக மாவுச்சத்து கூடுதலாகவும் நீர் குறைவாகவும் இருக்கும். அவற்றை மசித்தால் அடர்த்தியான, கடலைப் பருப்பை நினைவூட்டும் சுவையுள்ள மசியல் கிடைக்கும், ஆனால் பாலும் வெண்ணெயும் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கேட்கும். இரண்டையும் பாதிக்குப் பாதி கலந்து மசிப்பது பலருக்குத் தோன்றாத, ஆனால் மிக நல்ல வழி. ஒன்றின் ஈரத்தை மற்றொன்றின் மாவுச்சத்து பிடித்துக்கொள்ளும்.

கேள்வி: மசியலில் நார் நாராக வாயில் தட்டுப்படுகிறது. மிக்ஸியில் அரைக்கலாமா? உருளைக்கிழங்கை அப்படி அரைத்துப் பசையாகிப்போன அனுபவம் இருப்பதால் அச்சமாக இருக்கிறது.

பதில்: உருளைக்கிழங்கு பசையாவதற்குக் காரணம், வேகமாகச் சுழலும் அலகுகள் உயிரணுக்களைக் கிழித்து மாவுச்சத்தை வெளியேற்றிவிடுவதுதான். ஆரஞ்சுச் சர்க்கரைவள்ளியில், குறிப்பாக மெதுவாகச் சுட்டதில், மாவுச்சத்தின் கணிசமான பகுதி ஏற்கெனவே சர்க்கரையாக மாறிவிடுகிறது. ஆகையால் அது மிக்ஸியைத் தாங்கும். வெள்ளை வகைக்கு இந்தத் துணிச்சல் வேண்டாம். எதுவானாலும் விட்டு விட்டு இயக்குங்கள். கொதிக்கும் கிழங்கை மூடிய ஜாரில் நிரப்பி அரைத்தால் ஆவி மூடியைத் தள்ளி மேலே தெறிக்கக்கூடும் என்பதால், சற்று ஆறவிட்டுப் பாதி ஜார் மட்டும் நிரப்பி அரையுங்கள்.

ஆனால் நாருக்கு மிக்ஸி முழுத் தீர்வு அன்று. அது நாரைச் சிறிதாக்கும், நீக்காது. மின்சார பீட்டர் இருந்தால் மசித்த சதையை அதனால் ஒரு நிமிடம் அடித்துப் பாருங்கள். நீண்ட நார்கள் பீட்டரின் கம்பிகளில் சுற்றிக்கொள்ளும். நிறுத்திக் கழுவிவிட்டு மீண்டும் அடித்தால் இரண்டாம் முறையில் சுற்றுவது வெகுவாகக் குறைந்திருக்கும். அதைவிட நயமான மசியல் வேண்டுவோர் கம்பிச் சல்லடையில் கரண்டியின் பின்புறத்தால் தேய்த்து இறக்க வேண்டும். கை வலிக்கும் வேலைதான். விருந்தினர் வரும் நாளுக்கு வைத்துக்கொள்ளலாம். வாங்கும்போதே மிகப் பெரிய, முற்றிய கிழங்குகளைத் தவிர்ப்பதும், வேகவைக்குமுன் குறுக்காக வட்டமாக வெட்டி நாரின் நீளத்தைக் குறைப்பதும் இந்த உழைப்பில் பாதியை மிச்சப்படுத்தும்.

கேள்வி: வீட்டில் அனைவரும் "இது தொடுகறியா, இனிப்புப் பண்டமா?" என்று கேட்கிறார்கள். இனிப்பை எப்படி அடக்குவது?

பதில்: சர்க்கரை, தேன், இலவங்கப்பட்டை, ஏலக்காய் ஆகியவற்றைச் சேர்த்துக்கொண்டிருந்தால் முதலில் அவற்றை நிறுத்துங்கள். பட்டையும் ஏலமும் இனிப்பானவை அல்ல. ஆயினும் இனிப்புப் பண்டங்களோடு அவற்றைச் சேர்த்து உண்டு பழகிய நாக்கு, அந்த மணம் எழுந்தவுடன் இனிப்பையே எதிர்பார்க்கிறது. அடுத்து, உப்பைக் கூச்சமின்றிச் சரிபாருங்கள். திகட்டும் மசியல்களில் பெரும்பாலானவை உப்புக் குறைந்தவையே. பிறகு ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு, புதிதாகப் பொடித்த மிளகு, சுட்ட பூண்டின் நான்கைந்து பற்கள். இவற்றுக்கும் மேலாக நான் பரிந்துரைப்பது வெண்ணெயைத் தனியே உருக்கி, நுரை அடங்கி, அடியில் படியும் வெண்துகள்கள் பழுப்பாகி மணம் எழும்வரை காய்ச்சிச் சேர்ப்பதை. அதன் மெல்லிய கசப்பு இனிப்புக்குச் சரியான எதிர்ச்சுவை. அந்தத் துகள்கள் பழுப்பிலிருந்து கருமைக்குப் போக அரை நிமிடமும் ஆகாது என்பதால், அடுப்பை விட்டு நகராதீர்கள்.

எலுமிச்சையை இறுதியில் மட்டுமே சேர்க்க வேண்டும். வேகும் நீரில் புளிப்பு இருந்தால் கிழங்கின் உயிரணுக்களைப் பிணைத்திருக்கும் பெக்டின் எளிதில் கரையாது. கிழங்கு நெடுநேரம் கெட்டியாகவே கிடக்கும். இனிப்பு பிடிக்காதவர்களுக்கு, முன்பு குறைகூறிய மைக்ரோவேவே நன்மை செய்யும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: ஒரு மணி நேரத்துக்கு மேல் வேகவைத்தும் சில கிழங்குகளின் நடுப்பகுதி மட்டும் மரம் போல் இறுகியிருந்தது. குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு வாரம் இருந்தவை அவை. கெட்டுப்போனவையா?

பதில்: காரணத்தை நீங்களே எழுதிவிட்டீர்கள். சர்க்கரைவள்ளி வெப்ப மண்டலக் கிழங்கு. 12 டிகிரி செல்சியஸுக்குக் கீழே பச்சையாகப் பல நாள் இருந்தால் அதன் திசுக்கள் குளிரால் பாதிக்கப்படும். அப்படிப் பாதிக்கப்பட்ட கிழங்கின் நடுப்பகுதி எவ்வளவு வேகவைத்தாலும் இளகாது. அந்தப் பகுதியை வெட்டி நீக்கிவிட்டு மீதியை மசிக்கலாம். பச்சைக் கிழங்கைக் காற்றோட்டமுள்ள, இருளான, வறண்ட இடத்தில் வைப்பதே முறை; 13 முதல் 15 டிகிரி அதற்கு உகந்த வெப்பநிலை. முளை விட்டிருந்தால் கிள்ளி எறிந்துவிட்டுப் பயன்படுத்தலாம். பூஞ்சை பிடித்த கிழங்கை மட்டும் முழுமையாகவே எறிந்துவிடுங்கள்; பூஞ்சைத் தாக்குதலின்போது கிழங்கில் உருவாகும் கசப்பான நச்சுப் பொருள்கள் வேகவைப்பதால் முழுமையாக அழிவதில்லை.

கேள்வி: ஊதாக் கிழங்கு விரைவில் வேகட்டும் என்று சமையல் சோடா ஒரு சிட்டிகை போட்டேன். மசியல் பச்சை கலந்த நீல நிறமாகிவிட்டது. சாப்பிடலாமா?

பதில்: தாராளமாக. ஊதா நிறத்தைத் தரும் ஆந்தோசயனின் காரத்தில் நீலமும் பச்சையுமாகவும், புளிப்பில் சிவப்பாகவும் மாறும் இயல்புடையது. எலுமிச்சைச் சாறு சில துளி விட்டுக் கிளறினால் ஊதா பெருமளவு திரும்பிவிடும். சோடாவுக்குத் தேவையே இல்லை.

கேள்வி: பால் பொருள்கள் சேர்க்காமல் செய்ய வழி உண்டா?

பதில்: உண்டு. வெண்ணெய்க்குப் பதிலாக மூன்று மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெய் அல்லது மணமில்லாத வேறொரு எண்ணெய். பாலுக்குப் பதிலாகக் கெட்டியான தேங்காய்ப்பால் அல்லது ஊறவைத்து நைசாக அரைத்த முந்திரி விழுது. தேங்காய்ப்பால் இனிப்பை எடுத்துக்காட்டும் என்பதால், காரசாரமான முதன்மை உணவுடன் பரிமாறும்போது அது பொருந்தும். மற்றபடி முந்திரியே என் தேர்வு. எதையும் சேர்க்காமல் வெறும் கிழங்கை மட்டும் மசிப்பது குழைவுக்கும் நல்லதன்று, சத்துக்கும் நல்லதன்று: ஆரஞ்சு நிறம் தரும் பீட்டா கரோட்டின், அதாவது உடல் வைட்டமின் ஏ ஆக்கிக்கொள்ளும் பொருள், கொழுப்புடன் உண்ணும்போதே நன்கு உறிஞ்சப்படுகிறது.

கேள்வி: நீரிழிவு உள்ளவர் இதைச் சாப்பிடலாமா? முதல் நாளே செய்து வைக்கவும் முடியுமா?

பதில்: சுட்ட கிழங்கைக் காட்டிலும் வேகவைத்த கிழங்கு இரத்தச் சர்க்கரையை மெதுவாகவே உயர்த்துகிறது. எனவே அவருக்கு ஆவியில் வேகவைத்ததை, தேனோ சர்க்கரையோ சேர்க்காமல், புரதமும் காய்கறியும் மிகுந்த உணவுடன் சிறிதளவு பரிமாறலாம். அந்த அளவை அவருடைய மருத்துவரைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

முதல் நாளே செய்யலாம். சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள் ஆழமில்லாத பாத்திரத்தில் பரப்பி மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் மூன்று நாள் வரை நன்றாக இருக்கும். குளிரில் மாவுச்சத்து இறுகி மசியல் கெட்டிப்படும் என்பதால், இரண்டு மேசைக்கரண்டி பால் ஊற்றிச் சிறு தீயில் கிளறி, முழுவதும் ஆவி பறக்கும்வரை சூடாக்குங்கள். எலுமிச்சையும் மிளகும் அப்போது சேர்த்தால் போதும்.