புதிய வசதிக்கு எத்தனை நிலை வைக்கலாம்? ஓப்பன் சோர்ஸ் வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: மூன்று பேர் சேர்ந்து ஓப்பன் சோர்ஸ் பில்லிங் மென்பொருள் ஒன்றைப் பராமரிக்கிறோம். புதிதாகச் சேர்க்கும் எல்லாவற்றுக்கும் 'சோதனை' என்று போட்டுவிடுகிறோம். நம்பிப் பயன்படுத்தலாமா என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள். எத்தனை நிலைகள் வேண்டும், ஒவ்வொன்றுக்கும் என்ன எழுத வேண்டும்?
– கோவை வாசகர்

பதில்: மூன்று போதும்: ஆல்ஃபா (தொடக்கச் சோதனை), பீட்டா (முதிர்ந்த சோதனை), நிலையானது. ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை இயக்கும் நோட் ஜேஎஸ் 'சோதனை' நிலையையே 1.0, 1.1, 1.2 என்று மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறது. அவ்வளவு பெரிய திட்டத்துக்கு அது சரி. மூன்று பேருக்கு எதற்கு?

பெயரைவிட அதன் கீழே எழுதும் நான்கு வரிதான் முக்கியம். சும்மா நிறுவினாலே வசதி இயங்குமா? எந்த அமைப்பை மாற்றினால் அணையும்? அணைத்தபின் அதுவரை சேர்ந்த தரவு என்ன ஆகும்? மாற்றுவதற்கும் நீக்குவதற்கும் முன் எத்தனை ரிலீஸ் அவகாசம் தருவீர்கள்? இந்த நான்குக்கும் பதில் இல்லாத 'பீட்டா' வெறும் ஸ்டிக்கர்தான்.

பல கணினிகளில் கன்டெய்னர்களை (மென்பொருள் பொதிகளை) இயக்கி நிர்வகிக்கும் குபெர்னெட்டீஸ் இதை எப்படி எழுதி வைத்திருக்கிறது என்று பாருங்கள். ஆல்ஃபா வசதி அணைந்த நிலையில்தான் வரும். அறிவிப்பே இல்லாமல் அடுத்த ரிலீஸில் காணாமல் போகலாம். பீட்டா ஏபிஐக்கு, அதாவது மற்ற நிரல்கள் அதனோடு பேசும் இடைமுகத்துக்கு, கெடு உண்டு. அறிமுகமாகி 9 மாதம் அல்லது 3 ரிலீஸ், இரண்டில் எது நீளமோ அதற்குள் அது 'வழக்கொழிகிறது' (பிறகு நீக்கப்படும், இனி நம்ப வேண்டாம்) என்று அறிவிக்கப்பட வேண்டும். அங்கிருந்து இன்னொரு 9 மாதம் அல்லது 3 ரிலீஸ் கழித்து அது கிடைக்காது. நிலையான ஏபிஐயை அந்த முதன்மைப் பதிப்பு உள்ளவரை நீக்கக் கூடாது. உங்களுக்கு இவ்வளவு நீளமான அவகாசம் வேண்டியதில்லை. ஆனால் எண் ஒன்றை எழுதியே ஆக வேண்டும். 'கொஞ்ச காலம்' என்பது எண் ஆகாது.

எல்லாச் சோதனை வசதிக்கும் சேர்த்து ஒரே சுவிட்ச் வைக்காதீர்கள். ஒன்று தேவைப்படுகிறவர் ஐந்தையும் இயக்கிவிட்டு, எது கெடுத்தது என்று தெரியாமல் உங்களிடம்தான் வந்து நிற்பார். வசதிக்கு ஒரு சுவிட்ச். மென்பொருள் தொடங்கும்போது எவை இயங்குகின்றன, எந்த நிலையில் என்று லாகில் ஒரு வரி.

கைசுடுவது பெரும்பாலும் தரவில்தான். புதிய வரிக் கணக்கீடு ஆல்ஃபாவில் இருந்தால், அது எழுதுவதைத் தனி அட்டவணையில் வையுங்கள். பழைய பில் அட்டவணையில் நெடுவரிசை சேர்க்காதீர்கள். பிறகு இப்படிச் சோதியுங்கள்: வசதியை இயக்கிப் பத்து பில் போடுங்கள், அணையுங்கள், அதே பில்களைத் திறந்து திருத்திச் சேமியுங்கள், மறுபடி இயக்குங்கள். திருத்திய பில்லில் புதிய வரி விவரம் அழிந்திருந்தால் பீட்டாவுக்கு இன்னும் நேரம் வரவில்லை. குபெர்னெட்டீஸும் இதைக் கவனிக்கிறது. வசதி அணைந்திருக்கும்போது புதிதாக உருவாகும் பொருளில் (சேமிக்கும் பதிவில்) அந்த வசதிக்கான புலத்தை அழித்துவிடும். ஏற்கெனவே அந்தப் புலம் உள்ள பொருளைத் திருத்தினால் தொடாமல் விட்டுவைக்கும்.

கேள்வி: பீட்டா வசதி தானாகவே இயங்குகிறது என்றால் உற்பத்திச் சூழலில் பயன்படுத்தலாம் என்றுதானே பொருள்?
– சென்னை வாசகி

பதில்: பலரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள், அதற்கு விலையும் கொடுத்தார்கள். வெளியிலிருந்து வரும் கோரிக்கையை உரிய சேவைக்கு அனுப்பும் இன்கிரெஸ் 2015-இல் குபெர்னெட்டீஸ் 1.1-இல் பீட்டாவாக வந்து, 2020-இல் 1.19-இல்தான் நிலையானது. இடைப்பட்ட ஐந்து ஆண்டில் எல்லோருடைய கோப்புகளிலும் அந்த பீட்டா பதிப்பு ஊறிப்போயிருந்தது. 2021 ஆகஸ்டில் வந்த 1.22 அதை நீக்கியது.

ஏற்கெனவே உருவாக்கிய இன்கிரெஸ் எதுவும் அழியவில்லை. அதே பொருள் புதிய பதிப்பின் பெயரில் கிடைத்தது. உடைந்தவை வேறு. பழைய பதிப்பைக் குறிப்பிட்ட யாமல் (அமைப்புக்) கோப்பை ஏபிஐ சர்வர் (கோரிக்கைகளை ஏற்கும் மையப் பகுதி) ஏற்க மறுத்தது. பழைய பதிப்பையே கேட்டுக்கொண்டிருந்த 0.x வரிசை இன்கிரெஸ்-என்ஜின்எக்ஸ் (இன்கிரெஸ் விதிகளைச் செயல்படுத்தும் மென்பொருள்) குபெர்னெட்டீஸ் 1.22-இல் வேலை செய்யவில்லை; அதன் 1.0-க்கு மாற வேண்டியதாயிற்று. ஹெல்ம் என்ற நிறுவல் கருவியைப் பயன்படுத்தியவர்கள் நிலை இன்னும் மோசம்: கோப்பைத் திருத்திய பிறகும் அப்கிரேட் தோற்றது. ஹெல்ம் முந்தைய ரிலீஸின் விவரத்தைத் தன்னிடம் சேமித்து வைத்திருக்கும், அதில் பழைய பதிப்பு அப்படியே இருந்ததுதான் காரணம். கிளஸ்டரை (குபெர்னெட்டீஸ் கணினித் தொகுப்பை) உயர்த்துவதற்கு முன்பே, சேமித்த விவரத்தில் பதிப்பை மாற்றித் தரும் மேப்கியூப்ஏபிஐஸ் என்ற ஹெல்ம் பிளகினை ஓட்டினால் இது வராது. பதிப்பு எண்ணை மட்டும் மாற்றினாலும் போதாது. புதியதில் பாத்டைப் (பாதையை எப்படிப் பொருத்துவது என்று சொல்லும் புலம்) கட்டாயம், சர்வீஸ் பெயரும் போர்ட்டும் எழுதும் அமைப்பே வேறு.

பாட் (கன்டெய்னர்களின் தொகுதி) எதைச் செய்யலாம் என்று கட்டுப்படுத்திய பாட் செக்யூரிட்டி பாலிசியின் கதை இன்னொரு வகை. பீட்டாவைத் தாண்டாமலே 1.25-இல், 2022-இல், நீக்கப்பட்டது. இப்படிப்பட்ட பழக்கத்தை முறிக்கத்தான் 1.24 முதல் புதிய பீட்டா ஏபிஐகள் அணைந்த நிலையில் வருகின்றன. எங்கள் கணிப்பில் அது தாமதமாக வந்த நல்ல முடிவு. 1.24-க்கு முன்பே இயங்கிக்கொண்டிருந்தவை அப்படியே தொடர்ந்தன. புதிய ஏபிஐ சேர்க்காத பீட்டா வசதிகள் இன்னும் பெரும்பாலும் இயங்கும் நிலையில்தான் வரும். ஆகவே பட்டியலைப் பார்க்காமல் ஊகிக்காதீர்கள். வழக்கொழியும் ஏபிஐயை உங்கள் கிளஸ்டரில் யாராவது கேட்கிறார்களா என்று அறிய ஏபிஐ சர்வர் தனி மெட்ரிக் (அளவீடு) தருகிறது. உயர்த்துவதற்கு முன் அதைப் பாருங்கள்.

கேள்வி: ஒரு வசதி அடுத்த நிலைக்குத் தயார் என்று எப்படி முடிவு செய்வது? இரண்டு ரிலீஸாக ஒரு புகாரும் இல்லை.
– யாழ்ப்பாண வாசகர்

பதில்: அணைந்த நிலையில் இருக்கும் வசதிக்குப் புகார் வராதது சான்றே அல்ல, யாரும் இயக்கவில்லை என்றும் இருக்கலாம். உங்கள் குழுவுக்கு வெளியே இரண்டு பேராவது நிஜ வேலைக்கு ஓட்டியதாக எழுதிக் கொடுக்க வேண்டும் என்று விதி வையுங்கள்.

புதிய பதிப்பும் பழைய பதிப்பும் ஒரே நேரத்தில் ஓடும்போது என்ன ஆகிறது என்பதையும் பாருங்கள். குபெர்னெட்டீஸின் சைட்கார் கன்டெய்னர் (முதன்மைக் கன்டெய்னருடன் ஓடும் துணைக் கன்டெய்னர்) 1.28-இல் ஆல்ஃபா, 1.29-இல் பீட்டா, 1.33-இல் நிலையானது. சைட்கார் என்பது இனிட் கன்டெய்னரில் (முதன்மைக் கன்டெய்னருக்கு முன் ஓடி முடிய வேண்டியதில்) 'எப்போதும் மீண்டும் தொடங்கு' என்று எழுதும் ஒரு புலம்தான். அந்தப் புலத்தையே அறியாத பழைய கியூப்லெட் (ஒவ்வொரு கணினியிலும் கன்டெய்னர்களை இயக்கும் நிரல்) அதைச் சாதாரண இனிட் கன்டெய்னர் என்று எடுத்துக்கொள்ளும், அது முடியும் என்று காத்திருக்கும், அது முடியாது, முதன்மைக் கன்டெய்னர் தொடங்கவே தொடங்காது. ஏபிஐ சர்வரைவிடக் கியூப்லெட் மூன்று ரிலீஸ் வரை பின்தங்கியிருக்க அனுமதி உள்ளதால் இந்த நிலைமை நிஜத்தில் வரக்கூடியதே. அதனால்தான் பீட்டாவிலிருந்து நிலையானதற்குப் போகச் சில ரிலீஸ்கள் பிடிப்பதைக் குறையாகச் சொல்ல முடியாது.

முன்னேறாத வசதிக்கும் விதி வேண்டும். ஆல்ஃபாவில் சேர்க்கும் அன்றே 'இத்தனையாவது ரிலீஸுக்குள் பீட்டா ஆகாவிட்டால் நீக்கம்' என்று இஷ்யூ ஒன்றைத் திறந்து, பொறுப்பாளர் பெயரோடு வைத்துவிடுங்கள். பிறகு நீக்குவதற்கு விவாதம் தேவைப்படாது.

கேள்வி: நிலையானதும் சுவிட்சை எடுத்துவிடலாமா?
– மதுரை வாசகி

பதில்: உடனே வேண்டாம். முதலில் 'இயங்கும்' நிலையில் பூட்டுங்கள், அணைக்க முயன்றால் பிழை காட்டுங்கள், இயக்கச் சொன்னால் 'இந்த சுவிட்ச் விரைவில் போய்விடும்' என்று எச்சரியுங்கள். சில ரிலீஸ் கழித்து எடுங்கள். குபெர்னெட்டீஸில் நீக்கப்பட்ட ஃபீச்சர் கேட்டின் (வசதி சுவிட்சின்) பெயர் கியூப்லெட் அமைப்பில் மிச்சமிருந்தால் 'தெரியாத ஃபீச்சர் கேட்' என்று சொல்லி அது தொடங்கவே மறுக்கும். வசதி என்னவோ நன்றாகத்தான் இருக்கும், அந்தக் கியூப்லெட் ஓடும் கணினி (நோட்) மட்டும் எழுந்திருக்காது.

கேள்வி: சுவிட்ச் வைக்க முடியாத நூலகங்களில் என்ன செய்வது?
– பெங்களூரு வாசகர்

பதில்: பைத்தான் ஆவணத்திலேயே 'தற்காலிகம்' என்று எழுதியது, 3.4-இல் வந்த அசின்க்ஐஓ (பல வேலைகளை ஒருசேரக் கையாளும் நூலகம்) 3.6-இல்தான் அந்தக் குறிப்பிலிருந்து விடுபட்டது. நோட் ஜேஎஸ் 18-இல் ஃபெட்ச் (இணையத்திலிருந்து தரவு பெறும் செயல்பாடு) இயங்கும் நிலையிலேயே வந்தது, ஆனால் பயன்படுத்தினால் எச்சரிக்கை அச்சாகும், 21-இல் நிலையானது. ரஸ்ட் நிரல்மொழி இன்னும் கறார்: நிலையான கம்பைலரில் சோதனை வசதியைக் கேட்டால் கம்பைலே ஆகாது, நைட்லி என்ற சோதனைக் கம்பைலருக்குத்தான் போக வேண்டும். ஆவணத்தை யாரும் படிப்பதில்லை என்பதால், சிறிய நூலகத்துக்கு நோட் ஜேஎஸ் வழியைப் பரிந்துரைக்கிறோம். எச்சரிக்கை ஒரு ஓட்டத்துக்கு ஒரு முறை வந்தால் போதும். ஒவ்வொரு அழைப்புக்கும் அச்சிட்டால் அதை அடைத்துவிடுவார்கள்.