ஆடியில் ஏது தண்ணீர்?

அன்புள்ள ஐயா,

கீழக்கரைக்கு மேற்கே ஒரு சிற்றூர் என் ஊர். இருபத்தாறு ஆண்டுகளாகச் சார்ஜாவில் இருக்கிறேன். சென்ற மாதம் ஊருக்குப் போனபோது, தாத்தா கட்டிய வீடு இருந்த இடத்தில் கல்யாண மண்டபம் நின்றது. ஆடித் திருவிழாவில் பகலெல்லாம் கண்மாயில் நீந்தி, மாலையில் ராட்டினம் ஏறி, இரவில் டூரிங் டாக்கீஸில் படம் பார்த்த நாட்களைக் கைப்பேசி விழுங்கிவிட்டது. இவற்றை நாவலாக எழுதுவதா, கட்டுரைகளாக எழுதுவதா?

க.

அன்புள்ள க.,

உங்கள் கடிதம் வந்த அன்று என் மேசையில் ஒரு முருகைக்கல் கிடந்தது. மண்டபம் என்ற ஊருக்குப் பக்கத்தில் என் அத்தை வாழ்ந்த வீட்டை இடித்தபோது, இடிபாட்டிலிருந்து நான் எடுத்து வந்தது. அதனால்தான் உடனே பதில் எழுதுகிறேன். கல்லைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் உங்களோடு ஒரு சண்டை இருக்கிறது.

ஆடியில் எந்தத் தண்ணீரில் நீந்தினீர்கள்? நம் சீமைக்கு மழை ஐப்பசியிலும் கார்த்திகையிலும்தான். வைகை கடைசியாக வந்து சேரும் ராமநாதபுரம் பெரிய கண்மாயே கோடையில் மேய்ச்சல் வெளியாகக் கிடக்கும்போது, உங்கள் ஊர்க் கண்மாய் எம்மாத்திரம்? நீங்கள் உபரி நீர் வழியும் கலுங்கிலிருந்து குதித்தது மார்கழியில் அல்லது தையில். கதிர் அறுத்து முடிந்து, தண்ணீர் முழங்காலுக்கு இறங்கிய பிறகு, பங்குனி வாக்கில் ஊர்ப் பெரியவர் கரையில் நின்று துண்டை வீசுவார். அதற்காகவே காத்திருந்த கூட்டம் ஊத்தா என்ற மீன்பிடிக் கூடையோடு சேற்றில் இறங்கும். விராலும் கெளுத்தியும் அன்றிரவு எல்லா வீட்டுச் சட்டியிலும் கொதிக்கும். அதற்கும் பிறகு, கண்மாய் முழுதாகக் காய்ந்தபோதுதான் ராட்டினக்காரரும் டாக்கீஸ்காரரும் வந்தார்கள். கண்மாயின் கரையில் அத்தனை பெரிய இடம் ஏது? அவர்கள் கொட்டகை போட்டது கண்மாயின் உள்வாயில், தண்ணீர் நின்ற அதே தரையில். தரை டிக்கெட்டில் உட்கார்ந்திருந்தபோது என்னுடைய நாலணா ஒரு வெடிப்புக்குள் விழுந்துவிட்டது. குச்சியால் இடைவேளை வரை நோண்டினேன். வெளியே வந்தது ஒரு வெள்ளை நத்தை ஓடு. நாலணா இன்னும் அங்கேதான் இருக்கிறது.

நீங்கள் வெவ்வேறு பருவங்களை ஒரே நாளில் அடைத்துவிட்டீர்கள். இது சின்னப் பிழை என்று நினைக்காதீர்கள். நம் விளையாட்டுகளுக்கு நாள் குறித்தது தண்ணீர்தான் என்பது மறந்துபோனதால்தான், அவை போனதற்குக் கைப்பேசியைத் திட்டிக்கொண்டிருக்கிறோம். எங்கள் ஊரில் டாக்கீஸ் நின்றபோது யார் வீட்டிலும் தொலைபேசிகூடக் கிடையாது. வரத்துக்கால் தூர்ந்தது, மடையைப் பார்த்துக்கொண்ட நீர்பாய்ச்சிக்கு ஊர் நெல் அளப்பது நின்றது, சீமைக் கருவேல மரம் உள்ளே புகுந்தது. ஆடும் மாடும் தின்று கழித்த நெற்றிலிருந்து முளைத்தே உள்வாய் முழுவதையும் அது பிடித்துக்கொண்டது. அதை வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்கி விற்றுப் பிழைத்த குடும்பங்களை நான் குறை சொல்லமாட்டேன். விவசாயம் போன ஊரில் அவர்களுக்கு வேறு என்ன இருந்தது? ஆனால் நீந்தத் தண்ணீரும் போய், ராட்டினம் நிறுத்தத் தரையும் போனது அப்படித்தான்.

தாத்தா வீட்டுக்காக நீங்கள் அழுததை நான் கேலி செய்யமாட்டேன். நானும் அத்தை வீட்டின் முன் நின்று அழுதேன். அந்தச் சுவரை நாக்கால் தொட்டால் கரிக்கும் என்பது எங்கள் வீட்டுப் பிள்ளைகளின் ரகசியம். எத்தனை முறை கிளிஞ்சல் சுண்ணாம்பு அடித்தாலும் அடுத்த மழைக்கு உப்புப் பூத்துவிடும். அத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டே இருப்பார். சுவர் இடிந்த பிறகுதான் உள்ளே இருந்த கல்லைப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் விரல்நுனி அளவுப் பூக்கள், நெருக்கமாக. கட்டடத்துக்கும் சுண்ணாம்புக்கும் நம் ஆட்கள் கடலிலிருந்து பெயர்த்தெடுத்த பவளப்பாறை; அதுதான் முருகைக்கல். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு, கீழக்கரைப் பக்கத்துப் பூவரசன்பட்டியும் தூத்துக்குடிப் பக்கத்து விலாங்குசல்லியும், நீருக்குள் போய்விட்டன. அலையைத் தடுத்த பாறையை வெட்டி எடுத்தது அதற்குப் பெரிய காரணம். 1986இல் அந்தக் கடலைக் காக்கத் தேசியப் பூங்கா வந்தபோது எங்கள் சுவர் எழும்பி அரை நூற்றாண்டு ஆகியிருந்தது. அத்தையின் வீட்டை நான் இன்னும் நேசிக்கிறேன். அதன் குளிர்ச்சியைப் பற்றி மட்டும் எழுத இப்போது கை வரவில்லை.

உங்கள் தாத்தா வீட்டுச் சுவர் என்ன கல் என்று நீங்கள் எழுதவில்லை. கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் இடிபாட்டைக் கொட்டியிருப்பார்கள். ஊரில் யாரையாவது பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

நாவலா, கட்டுரையா என்பது உங்கள் பாடு. டாக்கீஸ் எந்த மாதம் வந்தது என்று உங்கள் அம்மாவிடம் கேட்டு எனக்கு எழுதுங்கள். எங்கள் ஊருக்குச் சித்திரையில் வரும்.