மெட்ரோனோம் வருமுன் மினுவெட் எவ்வளவு வேகம்? பிரெஞ்சு பரோக் நடன இசை: கேள்வி பதில்

கேள்வி: தாள வேகத்தைத் தட்டிக் காட்டும் மெட்ரோனோம் கருவி 1815 வாக்கில்தான் வந்தது. அதற்கு நூறு வருடம் முந்தைய, மினுவெட் போன்ற அரசவை நடனத்துக்கு வேகத்தை எப்படிச் சொல்கிறீர்கள்?

பதில்: அப்போது ஊசல் இருந்தது. இசை ஆசிரியர் எத்தியென் லூலியே 1696-இல் பாரிஸில் ஒரு தாளக் கருவியை விவரித்தார். ஆறடி உயரம், அங்குலத்துக்கு ஒன்றாக 72 துளைகள். நூலைத் துளை மாற்றிச் செருகினால் வேகம் மாறும். பாடகர் மிஷெல் லாஃபிலார் தன் இசைப் பாடநூலின் 1705 பதிப்பில் நடனவாரியாக எண்ணே கொடுத்துவிட்டார். மினுவெட் நிமிடத்துக்குச் சுமார் 70 பார் (பீட் என்பது ஒரு தாளத்தட்டு, மினுவெட்டில் மூன்று பீட் சேர்ந்தால் ஒரு பார்). பூரே, ரிகோடோன் என்ற நடனங்கள் இரண்டும் 120 பீட். வீட்டிலேயே பார்க்கலாம்: 25 செ.மீ. நூலில் குண்டு கட்டி ஆட்டினால், ஒரு பக்கமிருந்து மறுபக்கம் போக அரை வினாடி. அதுதான் 120.

கேள்வி: அந்த எண்களைப் பாதியாக்க வேண்டும் என்று படித்தேனே?

பதில்: ஊசல் போய்த் திரும்புவதைத்தான் ஒன்றாக எண்ணினார்கள் என்பது பாதியாக்கச் சொல்பவர்களின் வாதம். நான் ஏற்பதில்லை, காரணம் கால்கள். மினுவெட்டின் ஓர் அடிவைப்புக்கு இரண்டு பார், அதாவது ஆறு பீட். அதற்குள் முழங்கால் மடங்கி, முன்பாதத்தில் எழுந்து, உடல் எடை நான்கு முறை கால் மாறுகிறது. லாஃபிலார் வேகத்தில் இது 1.7 வினாடி. துள்ளலாக இருக்கும், ஆனால் ஆட முடியும். பாதியாக்கினால் 3.4 வினாடி, ஆடுபவர் முன்பாதத்தில் நின்றபடி அடுத்த பீட்டுக்குக் காத்திருக்க வேண்டும். நடன ஆசிரியர் ஃபெய்யே 1700-இல் அச்சிட்ட நடனக் குறியீட்டில் எந்த பாருக்கு எந்த அடி என்று கோடு போட்டே காட்டியிருக்கிறது. வாசிப்பவர்கள் அதைப் பார்த்து ஒரு முறையாவது நடந்து பாருங்கள், தயவுசெய்து.

கேள்வி: ஜெர்மானியப் புல்லாங்குழல் கலைஞர் குவான்ட்ஸ் கணக்கில் மினுவெட் மெதுவாக வருகிறதே?

பதில்: அவர் எழுதியது 1752-இல், பெர்லினில். நாடித்துடிப்புதான் அவருக்கு அளவுகோல், அதுவும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஆரோக்கியமான, உற்சாகமான ஆளின் நாடி: நிமிடத்துக்கு 80. ஒரு துடிப்புக்கு மினுவெட்டில் இரண்டு பீட் என்றால் சுமார் 53 பார். இதில் முரண்பாடு எதுவும் இல்லை, நடனமே மாறிவிட்டது. 1703-இல் ப்ரோசாரின் பிரெஞ்சு இசை அகராதி மினுவெட்டை மிக வேகமானது என்கிறது. 1768-இல் ரூசோ தன் இசை அகராதியில் அதை மறுத்து, மிதமானது என்கிறார். அதனால் பதினான்காம் லூயியின் அரசவை இசையமைப்பாளர் லூலியின் (மேலே சொன்ன லூலியே வேறு ஆள்) ஓபராவுக்கு லாஃபிலாரை ஒட்டிப் போவேன், 1750களின் இசைக்குக் குவான்ட்ஸ் பக்கம் இறங்குவேன்.

கேள்வி: இசையமைப்பாளர் பாக் எழுதிய கூராந்த் என்ற நடன வகை எல்லாம் ஒரே வேகமா?

பதில்: இல்லை. ‘பிரெஞ்சு சூட்’ என்ற அவருடைய நடன இசைத் தொகுப்புகளில் 1-இல் இருப்பது 3/2 தாளத்தில் நிதானமான பிரெஞ்சு வகை. 5-இல் இருப்பது பெயரில் மட்டும்தான் பிரெஞ்சு, ஓட்டமெல்லாம் வேகமான இத்தாலிய வகை.

கேள்வி: நாங்கள் கச்சேரியில் வாசிப்பவர்கள், யாரும் ஆடப்போவதில்லை. இதெல்லாம் கட்டுப்படுத்துமா?

பதில்: ஆடுவதற்கென்று எழுதிய இசை என்றால், ஆம். ஹார்ப்சிகார்டு என்ற விசைப்பலகை வாத்தியத்துக்கென்றே எழுதிய சாராபாண்ட் நடன இசையில் அலங்காரம் நிறைய இருந்தால் இன்னும் இறங்கலாம். ஆனால் முதலில் ஆடும் வேகத்தில் வாசித்துப் பழகுங்கள், அப்புறம் விலகுங்கள்.